தோற்றவரின் வாகை: தொடர் வேட்பாளர் பற்றிய வாழ்க்கைக் கதையாடல்கள் – ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் வாழ்க்கை வரலாற்று இலக்கியம் பெரும்பாலும் வென்றவர்களைப் பற்றியதாகவே அமைந்துள்ளது. ஆட்சிப் பொறுப்பில் இருந்தோர், இயக்கம் கண்டோர், தொழில் நிறுவியோர், கலைத்துறையில் புகழ் பெற்றோர் ஆகியோரின் வாழ்வே நூலாக்கத்திற்கு உரியதாகக் கருதப்பட்டு வந்துள்ளது. தோல்வி இடம்பெறும்போதும், பின்னர் வரவிருக்கும் வெற்றிக்குப் படிக்கல்லாகவே அது காட்டப்பெறுகிறது. தோல்வி ஒன்றே தொடர்ச்சியாக அமைந்த ஒரு பொதுவாழ்வை எவ்வாறு எடுத்துரைப்பது என்னும் வினா நம் திறனாய்வில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. தேர்தல்தோறும் மனுத் தாக்கல் செய்து, தேர்தல்தோறும் வைப்புத்தொகை இழந்து, இறுதியில் இணையக் காணொலிகளின் வழியே பெயர் பெற்ற தொடர் வேட்பாளர்களின் கதை அவ்வினாவுக்குரிய களமாகும்.

இவ்வாய்வுக்குத் தொடக்கப் புள்ளியாக ஐதராபாத்தின் வடபுறத்தில் உள்ள போலாரத்தைக் கொள்ளலாம். ஆங்கிலேயர் காலத்தில் படைத்தளமாக விளங்கிய அவ்வூரில், ஒருகாலத்தில் பிரித்தானிய ரெசிடென்டின் இல்லமாக இருந்து, விடுதலைக்குப் பின் குடியரசுத் தலைவரின் தென்னக இல்லமான ராஷ்டிரபதி நிலையம் அமைந்துள்ளது. படையோடும் படைசார்ந்த தொழில்களோடும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் செகந்தராபாத், போலாரம் பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. நாட்டின் முதற்குடிமகனுக்குரிய மாளிகை அங்கே நிற்கிறது. போலாரத்தின் ஒரு பகுதியும் அடங்கிய செகந்தராபாத் கண்டோன்மென்ட் வாரியத்திற்கோ 2015 ஜனவரியில் நடைபெற்ற தேர்தலுக்குப் பின் 2023 ஏப்ரல் 30ஆம் நாள் தேர்தல் என அறிவிக்கப்பட்டு, அவ்வறிவிப்பு 2023 மார்ச்சு மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. உயர்ந்த பதவியின் இல்லமும், தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பொறுப்பான எளிய பதவிக்கு நிகழாத தேர்தலும் ஒரே ஊரில் அருகருகே உள்ளன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில் நின்று, வார்டு முதல் குடியரசுத் தலைவர் வரை எப்பதவிக்கும் மனுத் தாக்கல் செய்யும் ஒருவரின் செயலுக்கு என்ன பொருள் என்பதே இக்கட்டுரை ஆராயும் சிக்கலாகும்.

மேட்டூர் கு. பத்மராஜன் பற்றிப் பொதுவெளியில் வழங்கும் கதையாடல் இங்கு முதன்மைப் பிரதியாகக் கொள்ளப்படுகிறது. அதனோடு ஒப்பிடுவதற்குத் தெலுங்குலகில் இணையப் புகழ் பெற்ற கே. ஏ. பால் பற்றிய சித்திரிப்புகளும், ஏனைய மாநிலங்களின் தொடர் வேட்பாளர்கள் பற்றிய செய்திகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வாகையும் வெண்ணிப் பறந்தலையும்

தோல்வியைப் பற்றிப் பேசுவதற்கு உரிய கருத்துக் கருவிகள் தமிழ் மரபில் இல்லாமல் இல்லை. வாகை என்றவுடன் போர்வெற்றியே நினைவுக்கு வருகிறது. ஆனால் தொல்காப்பியர் புறத்திணையியலில் வாகைக்குத் தரும் இலக்கணம் இதனினும் விரிவானது. குற்றமற்ற கோட்பாட்டோடு தத்தமக்குரிய கூறுபாட்டை மிகுதிப்படுத்திக் காட்டுவதே வாகை என்பது அவர் கருத்து. அதனாலேயே போர்க்களத்திற்குத் தொடர்பில்லாத அறிவரும் தாபதரும் வாகைக்குள் இடம்பெறுகின்றனர். இவ்விலக்கணத்தின்படி வாகை என்பது பிறரை வீழ்த்துதல் அன்று. தான் மேற்கொண்ட ஒன்றில் மேம்படுதல் ஆகும்.

இரண்டாவது கருவி வெண்ணிப் போர் பற்றிய சங்கப் பாடல்களில் கிடைக்கிறது. கரிகால் வளவனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பில் பாய்ந்த படை முதுகையும் ஊடுருவியதால், புறப்புண் நாணி வடக்கிருந்தான். புறநானூற்றின் 65ஆம் பாடலில் கழாத்தலையார் அவன் வடக்கிருத்தலை இரங்கிப் பாடுகிறார். 66ஆம் பாடலில் வெண்ணிக் குயத்தியார் வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, வெற்றி உன்னுடையதாயினும் வடக்கிருந்து புகழெய்திய அவன் நின்னினும் நல்லன் அல்லனோ என்னும் பொருள்பட வினவுகிறார். மட்பாண்டத் தொழில் சார்ந்த பெயருடைய ஒரு பெண்பாற் புலவர், வென்ற வேந்தனின் முன்னிலையில் தோற்றவனை உயர்த்திக் கூறுவது எண்ணத்தக்கது. வெற்றி களத்தில் முடிவாகிறது. புகழ் களத்திற்கு வெளியே முடிவாகிறது என்னும் பகுப்பு அப்பாடலில் உள்ளது.

எனினும் இவ்வொப்புமையை எல்லை கடந்து நீட்டிவிடலாகாது. சேரலாதனின் புகழ் நாணத்திலிருந்து பிறந்தது. தோல்வியைத் தாங்காமையே அவன் பெருமை. தொடர் வேட்பாளரின் புகழோ தோல்விக்கு நாணாமையிலிருந்து பிறக்கிறது. ஒருவன் ஒருமுறை தோற்று உயிர்விட்டான். மற்றவர் ஒவ்வொரு முறையும் தோற்று மீண்டும் வரிசையில் வந்து நிற்கிறார். இவ்வேறுபாட்டை மனங்கொண்டே பத்மராஜன் கதையாடலை அணுக வேண்டும்.

மேட்டூர்க் கதையாடல்

சேலம் மாவட்டம் மேட்டூரைச் சேர்ந்த பத்மராஜன், டயர் பழுதுபார்க்கும் கடை நடத்துபவர். 1988இல் தம் ஊர்த் தொகுதியான மேட்டூரிலிருந்து தேர்தலில் போட்டியிடத் தொடங்கியதாக அவரைப் பற்றிய செய்திகள் குறிப்பிடுகின்றன. 2024 மக்களவைத் தேர்தல் காலத்தில் அவருக்கு அகவை 65. அதற்குள் 238 தேர்தல்களில் தோற்றிருந்தார் என்பது பரவலாக வெளியான கணக்கு. அவ்வாண்டில் தருமபுரித் தொகுதியிலும் அவர் களம் கண்டார். அடல் பிகாரி வாஜ்பாய், மன்மோகன் சிங், நரேந்திர மோதி, ராகுல் காந்தி எனத் தலைவர் பலரை எதிர்த்தவர் என்னும் பட்டியல் அவர் கதையோடு எப்போதும் இணைந்தே வருகிறது. லிம்கா சாதனைப் புத்தகம் அவரை இடம்பெறச் செய்தது. ‘தேர்தல் மன்னன்’ என்னும் பட்டமும் அவருக்கு வழங்கலாயிற்று.

இக்கதையாடலின் அமைப்பில் மூன்று கூறுகள் திரும்பத் திரும்ப வருவதைக் காணமுடிகிறது. முதலாவது, தொடக்க நிகழ்வு. எளிய தொழிலாளி ஒருவர் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னபோது பிறர் சிரித்தனர். சாமானியனும் நிற்கலாம் எனக் காட்டவே நின்றார் என்பது அது. இரண்டாவது, எண்ணிக்கை. ஒவ்வொரு செய்தியும் எத்தனையாவது தேர்தல் என்பதைத் தலைப்பாக்குகிறது. மூன்றாவது, தலைகீழாக்கம். மற்ற வேட்பாளர்கள் வெற்றியை நாடுகின்றனர். தமக்கு வெற்றி பொருட்டன்று, தோல்வியே மகிழ்ச்சி என அவர் கூறுவது.

இம்மூன்றும் நாட்டார் கதைகளின் அமைப்போடு ஒத்துச் செல்கின்றன. இகழப்பட்ட எளியவன், எண்ணி முடியாத முயற்சி, உலக வழக்குக்கு மாறான இலக்கு என்பன கதைசொல்லலுக்கு மிக இயைந்தவை. முயலும் வேதாளம் சுமந்த மன்னன் கதையைத் தமிழ் மக்கள் நன்கறிவர். ஆனால் அம்மன்னன் இறுதியில் வேதாளத்தைக் கொண்டு சேர்க்கிறான். மேட்டூர்க் கதையில் முடிவு இல்லை. முடிவு இல்லாமையே அதன் ஈர்ப்பாகிறது.

1991ஆம் ஆண்டு நந்தியால் இடைத்தேர்தல் இக்கதையாடலில் தனியிடம் பெறுகிறது. பிரதமர் பொறுப்பேற்ற பி. வி. நரசிம்மராவ் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்ற தேர்தல் அது. அதில் மனுத் தாக்கல் செய்ததற்காகத் தாம் கடத்தப்பட்டதாகப் பத்மராஜன் கூறிவருகிறார். கதையின் நகைச்சுவைத் தொனிக்கு நடுவே அச்சம் தலைகாட்டும் இடம் இது. ஒருவரின் மனு எவருக்கும் பொருட்டன்று எனில் அவரைக் கடத்த வேண்டிய தேவை என்ன? விளையாட்டாகக் கருதப்படும் ஒரு செயல், அதிகாரத்தின் அருகில் செல்லும்போது விளையாட்டாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை என்பதை அவர் கூற்று உணர்த்துகிறது. ஆயினும் செய்திகளும் காணொலிகளும் இந்நிகழ்வை ஒரு வரிச் சுவைத்துணுக்காகவே கடந்துவிடுகின்றன. கதையாடலின் குறை இங்கு வெளிப்படுகிறது.

எண்ணிக்கையும் ஆய்வுக்குரியதே. குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட 1997ஆம் ஆண்டின் திருத்தப்படி முன்மொழிவோர் 50 பேரும் வழிமொழிவோர் 50 பேரும் வேண்டும். அனைவரும் அத்தேர்தலில் வாக்குரிமை உடைய சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருத்தல் வேண்டும். தனிமனிதர் ஒருவரின் மனு பரிசீலனையைக் கடப்பது அரிது. எனவே இவ்வகை எண்ணிக்கைகளில் மனுத் தாக்கல், போட்டி, தோல்வி ஆகிய மூன்றும் ஒன்றாகக் கலந்துள்ளன எனலாம். சாதனைப் பட்டியல் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒருவர் மக்களால் ஏற்கப்படாமையும், மக்களிடம் செல்லுமுன்பே விதியால் தடுக்கப்படுதலும் ஒன்றல்ல.

வாயிலின் விலை

தொடர் வேட்பாளரின் வரலாறு தேர்தல் சட்டத்தின் வரலாற்றோடு பிணைந்தது. பரேலியைச் சேர்ந்த துணிக்கடைக்காரர் காகா ஜோகிந்தர் சிங் ‘தர்த்தி பகட்’ என்னும் பெயரால் அறியப்பட்டு, முந்நூற்றுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்றவராகக் குறிக்கப்படுகிறார். 1992 குடியரசுத் தலைவர் தேர்தலில் சங்கர் தயாள் சர்மா, ஜி. ஜி. ஸ்வெல், ராம் ஜேட்மலானி ஆகியோருக்கு அடுத்து நான்காம் இடத்தில் 1,135 மதிப்பு வாக்குகள் பெற்றார். அப்போது முன்மொழிவோர் 10 பேரும் வழிமொழிவோர் 10 பேரும் இருந்தால் போதும். வைப்புத்தொகை 2,500 ரூபாய். 1997இல் அத்தொகை 15,000 ஆக உயர்ந்தது. ஜோகிந்தர் சிங் போன்ற ஒருவர் வாக்குச்சீட்டில் இடம்பெறக்கூடிய வாயில் அத்துடன் ஏறத்தாழ அடைபட்டது.

சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களிலும் இதுவே நிகழ்ந்தது. 1996 தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் வேட்பாளராயினர். வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சிடப்பட்டது. உழவர்களின் குறைகள் கேட்கப்படாமைக்கு அது எதிர்ப்பாகும். அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் நல்கொண்டாவில் 480 பேர் நின்றனர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து உடல் முடங்கிய ஊர்களின் துயரை நாடறியச் செய்வது அவர்தம் நோக்கம். அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது. மக்களவைக்கு 500 ரூபாயாக இருந்த வைப்புத்தொகை 10,000 ஆகவும், சட்டமன்றத்திற்கு 250 ரூபாயாக இருந்தது 5,000 ஆகவும் உயர்ந்தன. பின்னர் இவை முறையே 25,000, 10,000 எனவாயின. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு பெறாதவர் அத்தொகையை இழப்பர்.

ஆயினும் வாயில் முற்றும் அடைபடவில்லை. 2019இல் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் மஞ்சள் வாரியம் கோரி உழவர்கள் திரளாக மனுத் தாக்கல் செய்ய, மொத்த வேட்பாளர் எண்ணிக்கை 185 ஆயிற்று. உழவர் வேட்பாளர் எவரும் வெல்லவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பெற்றது. நல்கொண்டாவிலும் நிஜாமாபாத்திலும் வேட்புமனு ஒரு விண்ணப்பமாக மாறியது. தேர்தல் முடிவுப் பட்டியலில் தோல்வி என எழுதப்பட்டது, கோரிக்கையின் வரலாற்றில் வேறு பெயர் பெறுகிறது.

இங்குத் தனிமனிதத் தொடர் வேட்பாளருக்கும் திரள் வேட்பாளருக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. திரள் வேட்பாளரின் பெயர் எவர் நினைவிலும் இல்லை. கோரிக்கை நினைவில் நிற்கிறது. தனிமனிதத் தொடர் வேட்பாளரின் பெயர் நினைவில் நிற்கிறது, கோரிக்கை மங்கிவிடுகிறது. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. 2024இல் இராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வத்தின் பெயரையே உடைய வேறு ஐவர் களத்தில் நின்றனர். அவ்வகை வேட்பாளருக்குப் பெயர் மட்டும் உண்டு. அப்பெயரும் மற்றவரைச் சுட்டுகிறது. இம்மூவகையையும் ‘சுயேச்சை’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது ஆய்வுக்குப் போதாது.

நகையின் இருபாற் கூறு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைக் கூறுகிறது. எள்ளலை விளக்கும் உரையாசிரியர் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதல் என அதனை இருவகைப்படுத்துகிறார். இவ்விரண்டாம் வகை நகையே தொடர் வேட்பாளரின் உரிமைப்பொருள். ஊர் தன்னைக் கண்டு நகுவதை அறிந்து, அந்நகையில் தானும் பங்கேற்று, அதனைத் தனக்குரிய கவசமாக்கிக் கொள்கிறார் அவர். தெருக்கூத்தின் கட்டியங்காரன் தன்னைத் தாழ்த்திக்கொண்டே மன்னர்களைக் கேலி செய்வது போன்ற அமைப்பு இது. ‘மன்னன்’ எனத் தம்மை அழைத்துக்கொள்வதில் பட்டம் சூடுதலும் பட்டத்தைப் பகடி செய்தலும் ஒருங்கே நிகழ்கின்றன.

இணையக் காணொலி இவ்விருபாற் கூற்றை எவ்வாறு மாற்றுகிறது என்பதைக் கே. ஏ. பால் வழியே காணலாம். கிறித்தவ நற்செய்திப் பரப்புரையாளரான அவர் 2008இல் பிரஜா சாந்தி கட்சியைத் தொடங்கினார். 2019இல் நரசாபுரம், 2022இல் தெலங்கானாவின் முனுகோடு இடைத்தேர்தல், 2024இல் விசாகப்பட்டினம் எனப் போட்டியிட்டுத் தோற்றார். முனுகோடு வாக்குப்பதிவு நாளில் அவர் வாக்குச்சாவடிதோறும் விரைந்தோடிய காட்சி தெலுங்குக் கைப்பேசிகள் எங்கும் சுற்றிவந்தது. அவர் பேச்சுகள் சில விநாடித் துணுக்குகளாக வெட்டப்பட்டு, திரைப்பட இசையும் நகைச்சுவை நடிகர் முகங்களும் ஒட்டப்பட்டு, மீம்களாகப் பரவின.

அதே பால், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை விடுத்து வாக்குச்சீட்டு முறைக்குத் திரும்ப வேண்டும் எனக் கோரி உச்ச நீதிமன்றத்தில் தாமே நின்று வாதாடியவர். 2024 நவம்பர் 26ஆம் நாள் அம்மனு தள்ளுபடியானது. தோற்றால் இயந்திரத்தில் முறைகேடு என்பதும் வென்றால் அவ்வாறு கூறாமையும் பொருந்துமா என்னும் கருத்தை நீதிமன்றம் முன்வைத்தது. மனுவின் ஏற்புடைமை வேறு. ஆனால் அங்கே ஒரு வாதமும் அதற்கு ஒரு மறுமொழியும் இருந்தன. துணுக்கில் வாதமும் இல்லை, மறுமொழியும் இல்லை. முகக்குறி மட்டுமே எஞ்சுகிறது.

கட்டியங்காரன் நகையை உண்டாக்குபவன். எப்போது நிறுத்துவது என்பதும் அவன் கையில் உள்ளது. துணுக்கில் நகையின் கடிவாளம் வெட்டி ஒட்டுபவரிடம் சென்றுவிடுகிறது. பேராசிரியர் வகுத்த இரண்டாம் வகை எள்ளல் மெல்ல முதல் வகையாகச் சுருங்குகிறது. பார்ப்பவர் நகைக்கின்றனர், நகைக்கப்படுபவர் தாமும் நகைத்தாரா என்பது வினாவாகவே இல்லாமற்போகிறது. பத்மராஜன் பற்றிய நேர்காணல்கள் ஒப்பீட்டளவில் அவருக்குப் பேச இடமளிப்பினும், எத்தனை முறை, எவ்வளவு செலவு, வென்றால் என்ன செய்வீர்கள் என்னும் மூன்று வினாக்களைத் தாண்டுவதில்லை. மேட்டூரின் நீர், ஆலை, வேலை பற்றி ஒரு வேட்பாளரிடம் கேட்கத்தக்க வினாக்கள் கேட்கப்படுவதில்லை. எவரேனும் ஒருவர் அவரை உண்மையிலேயே வேட்பாளராகக் கருதினால் மட்டுமே அவ்வினாக்கள் பிறக்கும்.

விடுபட்ட பாத்திரம்

இதுவரை கண்டவை தொடர் வேட்பாளரை இகழும் பார்வைக்கு மறுப்பாக அமைந்தன. ஆனால் அவரை வியந்து போற்றும் பார்வையும் அதே அளவு மறுபரிசீலனைக்குரியது. சாமானியனின் உரிமையை நிலைநாட்டியவர் எனப் புகழும் கட்டுரைகள், அவர் கூற்றிலுள்ள முரணைக் கவனிப்பதில்லை. வெற்றி வேண்டாம் என்று ஒருவர் வேட்பாளராவது, வாக்காளரிடம் எதனையும் கேட்காமல் இருப்பதாகும். கேட்காதவர் எதனையும் வாக்களிப்பதில்லை. வாக்களிக்காதவரிடம் மக்கள் பொறுப்புக் கோரவும் இயலாது. சாமானியன் நிற்கலாம் என்பது நிறுவப்படுகிறது. சாமானியன் ஆளலாம் என்பது நிறுவப்படாமலே விடப்படுகிறது. தோல்வியையே இலக்காக்கும்போது, எளியவர் வெல்ல இயலாத நிலை ஒரு குறைபாடாகத் தோன்றாமல் ஒரு சுவையாகத் தோன்றும் ஆபத்து உள்ளது. ஆறில் ஒரு பங்கு என்னும் விதியும் உயர்ந்துகொண்டே செல்லும் தொகையும் இக்கதையில் எதிரிகளாக வருவதில்லை. சாதனையின் அளவுகோல்களாகவே வருகின்றன.

இக்கதையாடலின் பெரிய மௌனம் வேறொன்று. 2011 சட்டமன்றத் தேர்தலில் மேட்டூரில் பத்மராஜன் 6,273 வாக்குகள் பெற்றார். வென்றவர் பெற்றவை எழுபத்தையாயிரத்துக்கும் மேல். பத்மராஜனின் உயர்ந்த அளவு என இவ்வெண் எல்லாச் செய்திகளிலும் இடம்பெறுகிறது. ஆனால் அந்த 6,273 பேர் யாவர்? தோற்பதற்கே நிற்பவருக்கு அவர்கள் ஏன் வாக்களித்தனர்? ‘மேற்கண்ட எவருமிலர்’ என்னும் பொத்தான் 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னரே வந்தது. அதற்குமுன் மறுப்பைத் தெரிவிக்க விரும்பியவர், தேர்தல் நடத்தை விதி 49-ஓவின்படி அலுவலரிடம் சொல்லிக் கையொப்பமிட வேண்டியிருந்தது. அதில் மறைவு காக்கப்படவில்லை. அச்சூழலில் ஊரறிந்த ஒருவருக்கு இடும் வாக்கு, மறைவான மறுப்பாக இருந்திருக்கலாம்; தெரிந்த மனிதர் என்னும் அன்பாக இருந்திருக்கலாம்; உண்மையான நம்பிக்கையாகவும் இருந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறியும் முயற்சி எதுவும் கதையாடலில் இல்லை. வேட்பாளர் உண்டு, எதிர்த்து நின்ற தலைவர்கள் உண்டு, எண்ணிக்கை உண்டு, வாக்காளர் இல்லை.

‘மண்டேலா’ (2021) என்னும் தமிழ்த் திரைப்படத்தோடு ஒப்பிட்டால் இம்மௌனம் மேலும் விளங்கும். ஊராட்சித் தேர்தலில் இருதரப்பும் சமநிலையில் நிற்க, பெயரும் மதிப்பும் மறுக்கப்பட்ட முடிதிருத்துநர் ஒருவரின் ஒற்றை வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் நிலையை அப்படம் சித்திரிக்கிறது. அங்கே நகை வாக்கின் பக்கம் நின்று எழுகிறது. எளியவரின் மதிப்பு அவர் மீண்டும் மீண்டும் தோற்பதால் வருவதன்று. ஊர் அவரிடம் கேட்க வேண்டிய கட்டாயத்தால் வருகிறது.

குடவோலை தரும் ஒளி

தோல்வி என்பது தேர்தலுக்கு இயல்பானதா என்னும் வினாவையும் தமிழ் வரலாறு எழுப்ப இடமளிக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாகப் பதிந்துள்ளன. நிலமும் சொந்த மனையில் வீடும் உடைமை, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட அகவை, கல்வி ஆகியன தகுதிகள். கணக்குக் காட்டாதவரும் அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவரும் விலக்கப்பட்டனர். தகுதியுடையோர் பெயர் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்திலிடப்பட்டது.

அம்முறையை மக்களாட்சியின் முன்வடிவம் எனப் போற்றுவது வழக்கம். நிலமற்றோரும் பெண்களும் புறத்தே நிறுத்தப்பட்ட அம்முறையை அவ்வாறு முழுமையாகப் போற்றவியலாது. ஆனால் இங்குக் கருதத்தக்க கூறு ஒன்று உண்டு. குடவோலையில் பெயர் வராதவர் தோற்றவர் ஆகார். ஓலை எடுக்கப்படவில்லை என்பதன்றி அவரைப் பற்றி ஊர் எதுவும் கூறுவதில்லை. இன்றைய தேர்தலிலோ ஒவ்வொரு தோல்விக்கும் எண் உண்டு, அது பொதுப்பதிவாகிறது. பழைய முறை எளியவரைக் குடத்திற்கு அப்பாலேயே நிறுத்தியது. புதிய முறை அவரை உள்ளே அழைத்து, எண்ணிட்டு, தோற்றவர் என எழுதுகிறது. தொடர் வேட்பாளர் அவ்வெழுத்தையே தம் வரலாறாக மாற்றிக்கொள்கிறார். தம் மனுப்படிகளையும் அடையாள அட்டைகளையும் பத்மராஜன் பாதுகாத்து வைத்திருப்பது இதனால் பொருள் பெறுகிறது. அரசு தன்னைப் பற்றி எழுதிய எண்களைச் சேர்த்து, தானே ஆவணக் காப்பாளராகும் செயல் அது.

2002, 2003ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின் ஒவ்வொரு வேட்பாளரும் தம் சொத்து, கல்வி, வழக்கு விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தலைவரும் டயர்க் கடைக்காரரும் ஒரே படிவத்தை நிரப்புகின்றனர். வாழ்க்கை வரலாறு எழுதப்படாத எளியவர்கள் தம்மைப் பற்றி அரசுக்குத் தரும் தன்வரலாறு எனவே இப்படிவத்தைக் கொள்ளலாம். ஆண்டு வரிசையில் அவற்றை அடுக்கினால், ஒரு சிறுதொழிலாளியின் முப்பதாண்டுப் பொருளியல் வாழ்வில் பாதியேனும் புலப்படும். சாதனைப் பட்டியலும் நேர்காணலும் துணுக்கும் தராத செறிவு இப்பிரதிகளில் உள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. தொடர் வேட்பாளரின் வாழ்வு இன்று சாதனைப் பட்டியல், செய்தி நேர்காணல், இணையத் துணுக்கு என்னும் மூன்று வடிவங்களில் எடுத்துரைக்கப்படுகிறது. முதலாவது தடுக்கப்படுதலையும் தோற்றலையும் ஒன்றாக்குகிறது. இரண்டாவது அரசியலை விடுத்து விந்தையை மட்டும் கேட்கிறது. மூன்றாவது நகையின் உரிமையை அவரிடமிருந்து பறிக்கிறது. தொல்காப்பியர் கூறும் வாகை தன் கூற்றை மிகுதிப்படுத்தல் என்னும் அளவில் இவருக்குப் பொருந்தும். ஆனால் அக்கூறு குற்றமற்ற கோட்பாட்டோடு கூடியதாதல் வேண்டும் என்னும் நிபந்தனையும் அங்கே உண்டு. வேட்பாளரின் கோட்பாடு வாக்காளரை நாடுவதே. அதனைக் கைவிடும் தோல்வி எத்துணை முறை நிகழினும் வாகையாகாது. கோரிக்கையோடு நின்று தோற்ற நல்கொண்டா, நிஜாமாபாத் உழவர்க்கு அவ்வாகை ஐயமின்றி உரியது. மேட்டூர்க்காரருக்கு அது பாதியளவே உரியது: வாயிலைத் திறந்து வைத்தவர் என்னும் அளவில்.

அப்பாதியும் சிறிதன்று. ஒரு கண்டோன்மென்ட் பகுதியில் ஆண்டுக்கணக்கில் வாக்குப்பதிவு நிகழாமற் போகும்போது, அங்கே வெல்பவர் மட்டும் இல்லாமற்போவதில்லை, தோற்பவரும் இல்லாமற்போகிறார். தோற்க ஒருவர் முன்வரும் இடத்திலேயே தேர்தல் உயிரோடு இருக்கிறது. வெண்ணிக் குயத்தியார் வென்றவனின் முன் நின்று வினவியதை, வென்றவர் வரலாறுகளால் நிரம்பிய நம் நூலகங்களின் முன்னும் வினவலாம். இவ்வேட்பாளர்களின் துண்டறிக்கைகள், மனுப்படிகள், உறுதிமொழிப் பத்திரங்கள், அவர்க்கு வாக்களித்தோரின் வாய்மொழிகள் ஆகியவற்றைத் தமிழாய்வு தொகுத்துப் பாதுகாக்குமாயின், அவ்வினாவுக்கு விடை காணும் பணி தொடங்கும்.